பன்னிரண்டு பழுதுகள்

நமது பங்கின் ஜீப் வண்டிக்கு ஐந்து வயது முடிந்து ஆறு நடக்கிறது. அடிவாரத்துக் கிளைக் கிராமங்கள் நான்கிற்கும், மலைமீதுள்ள தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றிற்கும் நம்மைச் சுமந்து செல்வது அதுவே. நோயுற்றோரை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதும், சிற்சில வேளைகளில் பிரசவ வேதனையுற்ற தாய்மாரை இறக்கிக் கொண்டு வருவதும் அதன் பணிகளுள் அடங்கும். பீடி சுற்றும் பெண்களும், செங்கற்சூளைத் தொழிலாளரும், வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் இளைஞரும் இரண்டாண்டுக் காலம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கப்பட்ட வண்டி அது. எனவே அதற்கென நாம் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நமது நிதிக்குழுச் செயலர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பஞ்சர் ஒட்டினாலும் சீட்டுக் கேட்பவர்.

சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய வாரம், வழக்கமான சர்வீசுக்காக அவ்வண்டியை மாவட்டத் தலைநகரிலுள்ள அங்கீகாரம் பெற்ற பணிமனைக்குக் கொண்டு சென்றோம். பணிமனை என்று சொல்வதற்கே தயக்கமாய் இருக்கிறது. கண்ணாடிச் சுவர்கள், குளிரூட்டிய கூடம், மெத்தை நாற்காலிகள், கேட்காமலே கைக்கு வரும் காப்பி. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கிடைக்கும் உபசாரம். ஒரு மணி நேரம் சென்றபின், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் வந்து நம்மெதிரே அமர்ந்தார். பணிவான பிள்ளை. நமது அங்கியைக் கண்டதும், தாமும் அண்டைப் பங்கைச் சேர்ந்தவரே என்று அறிமுகம் செய்துகொண்டார். பின்னர் ஒரு தாளை நீட்டினார்.

அதில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. முன் சக்கரங்களின் பிரேக் பேட் மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் மாற்ற வேண்டும். சக்கரங்களுக்கு அலைன்மென்ட், பாலன்சிங் செய்ய வேண்டும். பாட்டரி வலுவிழந்துள்ளது. கிளட்ச் தேய்ந்துள்ளது. வைப்பர் ரப்பர் காய்ந்துவிட்டது. இவற்றோடு இன்ஜினை உள்ளே கழுவும் திரவம், இன்ஜெக்டர் துப்புரவு, ஏ.சி.க்குக் கிருமி நீக்கம், அடிப்பகுதிக்குத் துருக்காப்புப் பூச்சு, மேற்பகுதிக்குப் பளபளப்புப் பூச்சு, டயர்களுக்கு நைட்ரஜன் காற்று. கீழே கூட்டுத்தொகை 41,350 ரூபாய். நாம் மனத்தில் கணக்கிட்டுச் சென்றதோ ஒன்பதாயிரம்.

“இவ்வளவுமா தம்பி?” என்று வினவினோம்.

“எல்லாம் வண்டியின் நன்மைக்குத்தான் ஃபாதர். பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது. மற்றவற்றையும் இப்போதே செய்துவிட்டால் பின்னால் பெரிய செலவு வராது” என்றார்.

இந்த ‘உயிர்’ என்னும் சொல் மிகுந்த வல்லமையுடையது. அதைக் கேட்டபின் வேண்டாமென்று சொல்பவன் தன் உயிரையும், தன்னோடு வருவோர் உயிரையும் மதியாதவன் ஆகிவிடுகிறான். எனினும் நமக்கு அவ்வேளை அச்சத்தைவிடச் சினமே மிகுந்தது. டயருக்குள் அடிப்பதற்கு நைட்ரஜன் காற்று வேண்டுமாம். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜன்தான் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மீதிப் பங்குக்கா இந்தத் தனிக் கட்டணம்? அந்த ஒரு வரியைக் கண்டதும் மற்றப் பதினொரு வரிகளும் அதே சரக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டோம்.

முடிவு கட்டியதோடு நில்லாமல், நம் கண்ணாலேயே சோதிப்போமென்று வண்டியருகே சென்று குனிந்து, முன் சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தோம். பிரேக் பேட் கனமாகவே தெரிந்தது. “இதற்கு என்ன குறை?” என்று சற்று உரத்த குரலிலேயே கேட்டோம். அந்த இளைஞர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நாம் இடங்கொடுக்கவில்லை. ஆயிலும் பில்டரும் மாற்றினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றோம். ‘பரிந்துரைத்த வேலைகளை வாடிக்கையாளர் மறுத்துவிட்டார்’ என்று அச்சிட்ட தாளில் நமது கையொப்பம் வாங்கினார்கள். வெற்றி பெற்றவனைப் போல வண்டியை ஓட்டி வெளியே வந்தோம்.

நமது ஊர் எல்லையில், புளியமரத்தடியில், நாற்பதாண்டுக் காலமாக மெக்கானிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் உண்டு. கோவிலுக்கு வருபவரல்லர், ஆனால் பங்கின் வண்டிகள் மூன்று தலைமுறையை அவர் கைகள் அறியும். அவரிடம் அந்தத் தாளைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போகலாமென்ற எண்ணத்தில்தான் நிறுத்தினோம். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு வரிகளையும் நிதானமாய்ப் படித்தார். சிரிக்கவில்லை. ஜாக்கியைப் போட்டு முன் சக்கரத்தைக் கழற்றினார்.

பிரேக் பேட் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் நின்று கவ்விப் பிடிப்பது. வெளிப்புறம் ஒன்று, உட்புறம் ஒன்று. வெளியே நின்று டார்ச் அடிப்பவர் கண்ணுக்குத் தெரிவது வெளிப்புறத்தது மாத்திரமே. கவ்வும் பாகத்தின் ஊசிகளில் அழுக்கேறி இறுகிவிட்டால் உட்புறத்தது மட்டும் விரைந்து தேயும். நமது வண்டியில் நிகழ்ந்தது அதுதான். வெளியில் கனமாய் இருந்த அதே சக்கரத்தில், உள்ளே இருந்த பேட் ஒரு மில்லிமீட்டர் அளவே எஞ்சி, இரும்பு இரும்போடு உரசும் நிலையில் இருந்தது. புதிதாக இருக்கையில் அதன் கனம் ஏறத்தாழ பத்து மில்லிமீட்டர். மூன்றுக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும் என்றார் அண்ணாச்சி.

“சாமி, மற்றதை எல்லாம் விடுங்கள். இந்த முதல் வரியை எழுதின பையனுக்கு ஒரு கும்பிடு போடுங்கள். திங்கட்கிழமை நீங்கள் மலைக்குப் போகிற ஆளல்லவா?” என்றார்.

திங்கட்கிழமை மலைக்குப் போகிற ஆள்தான். பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகள். இறங்கி வருகையில் பெரும்பாலும் ஐந்தாறு பேரேனும் நம்மோடு வருவார்கள். அன்று மாலை அந்தக் கடையின் மரப்பெட்டிமீது நெடுநேரம் பேசாது அமர்ந்திருந்தோம்.

அண்ணாச்சி மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாய்ச் சோதித்தார். அவர் சோதித்த விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்; வாசகர்களுக்குப் பயன்படும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நாளடைவில் அதில் நீர் சேரும். மலையிறக்கத்தில் இடைவிடாது பிரேக் மிதிக்கையில் ஏறும் சூட்டில் அந்நீர் ஆவியாகி, மிதிக்கட்டை பஞ்சுபோல் அமிழும், வண்டி நிற்காது. வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பார்த்தோம். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருந்தது. நாம் மூன்றாண்டுகளாய் மாற்றவில்லை. ஆக, இரண்டாம் வரியும் மெய். முன் டயர்களின் மீது கையை வைத்து உட்புறமிருந்து வெளிப்புறமாய்த் தடவிப் பார்க்கச் சொன்னார். உள்விளிம்பு வழுக்கை விழுந்திருந்தது. அலைன்மென்ட் பிசகியதன் அடையாளம். மூன்றாம் வரியும் மெய்.

பாட்டரியைக் கருவி வைத்து, சுமை கொடுத்துச் சோதித்தார், நன்றாயிருந்தது. கிளட்சுக்காக நம்மைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பாலத்து ஏற்றத்தில் மேல் கியரில் வண்டியை ஏற்றினார். கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் உறுமும், வேகம் ஏறாது. அப்படி ஒன்றும் நிகழவில்லை. இன்னும் ஓராண்டு தாராளமாய் ஓடும் என்றார். இன்ஜெக்டர் பற்றிக் கேட்டதற்கு, “புகை இல்லை, டீசல் கூடுதலாய்க் குடிக்கவில்லை, காலையில் ஒரே சாவியில் கிளம்புகிறது. இதற்கு மேல் அதனிடம் என்ன கேட்பீர்கள்?” என்றார். இன்ஜினைக் கழுவும் திரவத்தைக் கையேட்டில் தேடினோம். அப்படி ஒரு சொல்லே அதில் இல்லை. காலந்தவறாமல் மாற்றப்படும் ஆயிலிலேயே அழுக்கை நீக்கும் பொருள் கலந்திருக்கிறது. ஏ.சி.யின் சிறு வடிகட்டியைக் கழற்றித் தட்டினார். அதிலிருந்த தூசியைப் பற்றி ஒன்றும் சொல்லாமலிருப்பது நலம். துருக்காப்புப் பூச்சு நமது அடிவாரக் காற்றுக்கு அவசரமில்லை. உப்புக் காற்றில் வாழும் கடற்கரைப் பங்குத் தந்தையர் அதைப் பொருட்படுத்த வேண்டியிருக்கலாம்.

ஆகப் பன்னிரண்டில் மெய்யாகவே உடனே வேண்டியவை மூன்று. வைப்பரை மழைக்காலத்துக்கு முன் மாற்றினால் போதும். மூன்று வேலைகளும் ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தன. சீட்டும் கொடுத்தார்.

சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிறு மாலையில், அந்தப் பணிமனை இளைஞர் நமது பங்கில் நடந்த உறவினர் திருமணத்துக்கு வந்திருந்தார். நம்மைக் கண்டதும் ஒதுங்கிப் போகப் பார்த்தார். நாமே அழைத்து, பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்த்தி, பிரேக் விஷயத்தில் நாம் செய்த பிழையைச் சொல்லி வருத்தம் தெரிவித்தோம். அதன்பின் அவர் மனம் திறந்து பேசினார். (இது திண்ணையில் கேட்டது; பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று. அங்கே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இராது. இதை எழுதுவதற்கும் அவருடைய ஒப்புதலைப் பெற்றிருக்கிறோம்.)

அவர் பாலிடெக்னிக் படித்தவர். தகப்பனார் இல்லை, தங்கை செவிலியர் கல்லூரியில் படிக்கிறாள். மாதச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் உணவுக்கும் போதுமானது. அதற்கு மேலுள்ளதெல்லாம் ஊக்கத்தொகை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கு வகுக்கப்படும். இத்தனை வண்டிக்கு இன்ஜின் கழுவல், இத்தனை வண்டிக்குப் பூச்சு, இத்தனை வண்டிக்கு ஏ.சி. கிருமி நீக்கம். எட்டியவர் பெயர் பலகையில் மேலே. எட்டாதவர் பெயர் கீழே. மாலைதோறும் அனைவர் கைப்பேசிக்கும் அந்த வரிசை வந்துவிடும். மூன்று மாதம் தொடர்ந்து கீழே இருந்தால், வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி மேலாளர் மென்மையாகச் சொல்லுவார்.

“யாரும் பொய் சொல்லச் சொல்வதில்லை ஃபாதர். பரிந்துரை செய் என்றுதான் சொல்கிறார்கள். எத்தனை செய்ய வேண்டும் என்று எண்ணிக்கையை மட்டும் கொடுத்துவிடுகிறார்கள்” என்றார் அவர்.

பின் சற்று நேரம் தரையைப் பார்த்தபடி இருந்துவிட்டுச் சொன்னார்: “அன்றைக்கு உங்கள் வண்டியின் சக்கரத்தை நானே கழற்றிப் பார்த்தேன். பிரேக்கை உண்மையாகத்தான் எழுதினேன். ஆனால் அதற்குக் கீழே இலக்குக்காக ஒன்பது வரிகளையும் நான்தானே எழுதினேன். நீங்கள் எப்படி நம்புவீர்கள்?”

இந்தச் சொல் நம்மை விட்டு அகலவில்லை. ஒன்பது வீண் வரிகளால் நமது பை இளைத்திருக்கும் என்பது சிறு தீமை. உயிர் காக்கும் ஒரு வரியின் குரல் அந்த ஒன்பதின் இரைச்சலில் அமுங்கிப்போனதே, அதுதான் பெருந்தீமை. நோயைக் கண்டறிபவரே மருந்தையும் விற்று, விற்ற அளவுக்குக் கூலியும் பெறுவாரானால், அவர் மெய் சொல்லும் நாளிலும் நாம் நம்பமாட்டோம்.

இது நம் நாட்டில் புதிதாய்த் தோன்றிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவிலேயே இது நூலேறிய சங்கதி. 1941ஆம் ஆண்டில் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழின் சார்பில் செய்தியாளர்கள் ஒரு காரை எடுத்துக்கொண்டு அந்நாட்டின் மாநிலங்கள் தோறும் சுற்றினார்கள். இன்ஜினில் ஒரேயொரு கம்பியைக் கழற்றிவிட்டு, வண்டி சரியாக ஓடவில்லை என்று வழியிலுள்ள பழுதுபார்க்கும் கடைகளில் நிறுத்துவார்கள். பார்த்த மாத்திரத்தில் செருகிவிடக்கூடிய கம்பி. 347 கடைகளில் நிறுத்தினார்கள். அவற்றுள் நூற்றுக்கு அறுபத்துமூன்று கடைகள் இல்லாத பழுதைச் சொல்லியோ, வேண்டாத வேலை செய்தோ பணம் பறிக்க முயன்றன.

அதைவிட நமது கதைக்கு நெருங்கியது 1992இல் வெளிவந்த செய்தி. அந்நாட்டில் சியர்ஸ் என்பது தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் நம்பி வந்த பெரும் வணிக நிறுவனம். அதன் கடைகளோடு வாகனப் பணிமனைகளும் இணைந்திருந்தன. வருவாய் குறையத் தொடங்கியதும், பணிமனை ஊழியருக்குப் புதிய இலக்குகள் விதிக்கப்பட்டன. ஒரு முறைப்பணிக்குள் இத்தனை பிரேக் வேலை, இத்தனை அலைன்மென்ட், இத்தனை ஷாக் அப்சார்பர் விற்க வேண்டும், விற்பனைக்கேற்பக் கமிஷன். கலிபோர்னியா மாநிலத்தின் வாகனப் பழுதுபார்ப்புத் துறைக்குப் புகார்கள் குவிந்தன. அத்துறையினர் மாறுவேடத்தில் வண்டிகளை அனுப்பினார்கள். அவற்றில் பிரேக் தேய்ந்திருந்தது. வேறு குறை ஒன்றுமில்லை. 38 முறை அனுப்பியதில் 34 முறை, வேண்டாத வேலைகள் செய்யப்பட்டன அல்லது பரிந்துரைக்கப்பட்டன.

தேய்ந்த பிரேக், அதனோடு ஒட்டிக்கொண்ட வீண் வேலைகள். இதைப் படித்தபோது நமது பன்னிரண்டு வரித் தாள் நினைவுக்கு வந்தது. பின்னர் நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் வழக்குகளும் புகார்களும் எழுந்தன. நிறுவனம் ஆலோசகர்களுக்கு அளித்து வந்த கமிஷனை நிறுத்திற்று. பாகங்கள் வாங்கிய வாடிக்கையாளருக்கு ஐம்பது டாலர் கூப்பன் அளிக்க ஒப்புக்கொண்டது. மொத்தச் செலவு ஏறத்தாழ ஆறு கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. மக்களை ஏமாற்றுங்கள் என்று எந்த அதிகாரியும் கட்டளை எழுதியதாக அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. எண்ணிக்கைதான் கட்டளையாய் நின்றது. திண்ணையில் அமர்ந்து அந்த இளைஞர் நமக்குச் சொன்னதும் இதுதானே!

சரி, நாம் என்ன செய்யலாம்? ‘எங்களிடம் கார் ஏது சாமி?’ என்பீர்கள். ஸ்கூட்டர் இருக்கிறது, மகளுக்குத் தவணையில் வாங்கிய மொபெட் இருக்கிறது, சலவை இயந்திரம் இருக்கிறது. எல்லாவற்றிற்கும் இதே தாள் ஒருநாள் வரும்.

முதலாவது, வண்டியோடு வந்த கையேட்டைப் பீரோவின் அடித்தட்டிலிருந்து வெளியே எடுங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாதத்துக்கு எதை மாற்ற வேண்டுமென்று வண்டியைச் செய்தவரே அதில் அட்டவணை போட்டிருக்கிறார். தாளில் உள்ள ஒரு வரி அந்த அட்டவணையில் இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு. இராவிட்டால், எந்தக் குறையைக் கண்டு எழுதினீர்கள் என்று கேளுங்கள். ‘தேய்ந்துள்ளது’ என்றால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். ‘வலுவிழந்துள்ளது’ என்றால் சோதித்த கருவியின் எண்ணைக் கேளுங்கள். மெய்யாகவே அளந்தவர் மகிழ்ச்சியோடு சொல்லுவார். அளக்காதவர் ‘உயிர்’ என்னும் சொல்லுக்குத் திரும்புவார். வண்டியை நிறுத்தியிருக்கும் இடத்துக்கே சென்று, சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நம்மைப் போல் வெளியே நின்று டார்ச் அடிக்காதீர்கள்.

டயரைப் பொறுத்தவரை, நீங்களே அறியலாம். அதன் பள்ளங்களுக்கிடையே சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அம்மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். நமது நாட்டுச் சட்டப்படியும் காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த பள்ளம் ஆகாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். முதலிரண்டு இலக்கம் வாரம், பின்னிரண்டு இலக்கம் ஆண்டு. புது டயர் என்று விற்பவரிடம் இதைப் படித்துக் காட்டினால் சில கடைகளில் முகம் மாறுவதைக் காணலாம்.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு மேல் எது செய்வதானாலும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்கும்படி அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். நாம் இப்போது ஒவ்வொரு முறையும் கேட்கிறோம். நமது கோவில்பிள்ளை அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுப் பூச்செடி வாங்கிவிடுகிறார் என்பது வேறு விஷயம்.

வெளியே காட்டினால் வாரண்டி ரத்தாகிவிடும் என்னும் அச்சம் பலருக்குண்டு. இதுபற்றி இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25 அன்று ஒரு முக்கியமான ஆணை பிறப்பித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி செய்ததற்காகப் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. வெளியில் வேலை செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யலாகாது, வெளி வேலையின் பிழையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றும் கூறிற்று. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2016இல் மூன்று நிறுவனங்களுக்குத் தண்டத்தொகை குறைக்கப்பட்டது. எனினும் வாரண்டி உள்ள காலத்தில், அட்டவணைப்படியான சர்வீசை உரிய இடத்தில் செய்து, சீட்டுகளைப் பத்திரப்படுத்துவதே வீண் வழக்கைத் தவிர்க்கும் வழி. ஒரு பழுதைப் பற்றி இரண்டாம் கருத்துக் கேட்பதற்கு மட்டும் எவரும் தடை சொல்ல முடியாது. மருத்துவர் அறுவை சிகிச்சை என்றால் இன்னொரு மருத்துவரைக் கேட்கிறோமல்லவா?

மெய்யாகவே ஏமாற்றப்பட்டால் 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மாவட்ட ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தேயாக வேண்டும் என்பதுமில்லை. சீட்டுத் தர மறுப்பதும் இச்சட்டத்தில் முறையற்ற வணிகமே. ஆனால் சீட்டும், மதிப்பீட்டுத் தாளும் கையில் இல்லாதவருக்குச் சட்டம் அதிகம் உதவ இயலாது.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம். நாம் செய்ததைப் போல, எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைமீது பாய வேண்டாம். இலக்கை வகுப்பவர் அந்தக் கூடத்தில் அமர்வதில்லை. நமது இல்லங்களிலிருந்து ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் முடித்த எத்தனையோ பிள்ளைகள் இத்தகைய மேசைகளின் பின்னே அமர்ந்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் அவர்கள் முகம் வாடி வீடு திரும்பும்போது, ‘சம்பளம் ஏன் குறைந்தது?’ என்று மட்டும் கேட்கும் பெற்றோரே, எதை விற்கச் சொன்னார்கள் என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் அதைச் சொல்வதற்கு வேறு இடம் இல்லை.

நாம் அந்தப் பணிமனையின் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். இளைஞரின் பெயரை அதில் குறிக்கவில்லை. பன்னிரண்டு வரிகளில் எவை கையேட்டின்படி உடனே செய்ய வேண்டியவை, எவை விரும்பினால் செய்யத்தக்கவை என்று இரண்டாகப் பிரித்து அச்சிட்டால், உங்கள் சொல்லை மக்கள் நம்புவார்கள் என்று எழுதினோம். நன்றி தெரிவித்து இரண்டு வரிப் பதில் வந்தது. தாள் மாறவில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் அங்கேயே சென்றோம். அண்ணாச்சிக்குக் கண்ணில் அறுவை நடந்திருந்தது. பட்டறை மூடிக் கிடந்தது. அதே இளைஞர்தாம் வந்தார். நம்மைக் கேட்காமலே பணிக்கூடத்துக்கு அழைத்துச் சென்று, முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிக் காட்டினார். பின்னர் தாளை நீட்டினார். அதே அச்சடித்த தாள்தான். ஆனால் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: ‘பிரேக் பேட், உள் 8 மி.மீ., வெளி 8 மி.மீ.; நன்று.’ பாட்டரிக்கு நேரே ஓர் எண், நன்று. கிளட்சுக்கு நேரே, ‘அடுத்த சர்வீசில் பார்க்கலாம்.’ மாற்ற வேண்டியது என்று ஒன்றே ஒன்று இருந்தது, வைப்பர் ரப்பர். மழைக்கு முன் மாற்றச் சொல்லி அண்ணாச்சி நினைவுபடுத்தியும் நாம் மறந்துவிட்டிருந்தோம்.

“பலகையில் இப்போது உன் பெயர் எங்கே இருக்கிறது தம்பி?” என்று கேட்டோம்.

“கடைசிக்கு முந்தின இடம் ஃபாதர்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அச்சிரிப்பு முழுமையான சிரிப்பன்று.

வைப்பரை மாற்றச் சொல்லிவிட்டு, மேலாளரின் அறை எங்கே இருக்கிறது என்று விசாரித்தோம். இம்முறை கடிதமாக அன்றி நேரிலேயே பேசுவது என்று கதவைத் தட்டினோம்.